சாமிக்கு அங்கி அளவு

1

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது எங்கள் ஊரில் பன்னிரண்டு வீடு எழும்பியிருக்கும், அல்லது எழும்பாமலே போயிருக்கும். என் அம்மாவுக்கும் என்னைப் பற்றி ஒரு செய்தி தெரிந்திருக்கும். இதை எழுதும் இந்த நிமிடம் வரை இரண்டும் நடக்கவில்லை.

நான் இருப்பது ஒஹையோவில், பெரிய ஏரியின் கரையில் ஒரு சிற்றூர். சாகுபுரம் ரசாயன ஆலையின் சோதனைச்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தேன். இங்கேயும் உப்புதான். ஏரிக்கு அடியில் சுரங்கம் தோண்டி உப்பெடுக்கிறார்கள், நான் அதைச் சோதித்துத் தாளில் எழுதிக் கொடுக்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரனை உப்பு எங்கே போனாலும் விடாது போலிருக்கிறது.

சொந்த ஊர் ஆலந்தலைக்குத் தெற்கே கடலை ஒட்டிய சின்ன மீனவ ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் என் அண்ணன் சவரிமுத்து அங்கே உபதேசியாராக இருக்கிறார். பங்குச் சாமியார் மாதம் ஓரிரு முறை வந்து பூசை வைத்துப் போவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லுவது, பிள்ளைகளுக்கு மந்திரம் படித்துக்கொடுப்பது, கோயில் மணி அடிப்பது எல்லாம் அண்ணன்தான். அம்மா அவருடன் இருக்கிறாள். கண் மங்கிவிட்டதால் என் கடிதங்களை அண்ணன்தான் அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார்.

புயலில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்க எங்கள் கோயிலிலிருந்து எட்டுப் பேர் ஊருக்குப் போவதாக இருந்தோம். டிசம்பர் முதல் வாரத்தில் அண்ணனின் கடிதம் வந்தது. வழக்கம்போலத் தலைப்பில் ஒரு சிலுவை, அதன் கீழே 'சேசு மரி சூசை'. எங்கள் கடற்கரையில் இயேசு, மரியாள், யோசேப்பு என்ற இந்த மூன்று பெயரையும் எழுதாமல் யாரும் கடிதத்தைத் தொடங்க மாட்டார்கள், அது சாவுச் செய்தியானாலும் சரி, வலைக்கு நூல் அனுப்பச் சொல்லி எழுதுவதானாலும் சரி. அண்ணன் பேசுவது போலவே எழுதுகிறவர். இப்படி எழுதியிருந்தார்:

"ஏலே தொம்மை, ஊர்க்கூட்டத்துல எல்லாரும் ஒண்ணுபோலச் சொல்லிட்டாக. நீங்க வீடு கட்ட வார நேரத்துலதான் நம்ம திருநாளும் வருது. திருநாள் பூசைய உங்க சாமிதான் வைக்கணும். கட்டி முடிச்ச வீட்டையும் அவரு கையாலயே மந்திரிச்சுத் தரணும். அம்மா இப்பவே எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியுதா."

தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தேன். பனி பெய்துகொண்டிருந்தது, எனக்கு வேர்த்தது. ஏனென்றால் எங்கள் 'சாமி' சாமியாரே இல்லை. அவர் புரோட்டஸ்டாண்டு சபையின் பாஸ்டர். அவருக்கு ஒரு மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஒரு பேரனும் உண்டு. மனைவியும் கூடவே வருகிறார். நாங்கள் கிளம்ப இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

அவரைச் சாமியார் என்று ஊருக்கு எழுதியது நான்தான்.

2

கத்தோலிக்கன் எப்படிப் புரோட்டஸ்டாண்டு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தான் என்று கேட்பீர்கள். பெரிய மனமாற்றம், வேத ஆராய்ச்சி என்றெல்லாம் எதுவும் இல்லை. பனி காரணம், கார் இல்லாதது காரணம்.

வந்த முதல் குளிர்காலம். என் மனைவி சிசிலிக்கு மாதம் நிறைந்திருந்தது. கத்தோலிக்கக் கோயில் பக்கத்து ஊரில் இருந்தது, நடந்து போகிற தூரமில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் அவளுக்கு வலி கண்டுவிட்டது. கதவைத் திறந்தால் இடுப்பளவு பனி. என்ன செய்வதென்று தெரியாமல் நான் ஒரு சோற்றுக் கரண்டியால் பனியைத் தோண்டிக்கொண்டிருந்தேன். சிசிலி இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். எதிர்வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்து வழி வெட்டி, தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவர்தான் பாஸ்டர் ஹாரிஸ். அவர் மனைவி மார்த்தா எங்கள் மூத்த மகள் ரோசலினை நான்கு நாள் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பிள்ளையோடு வீடு திரும்பினால் அடுப்படியில் ஒரு வாரத்துக்கான சாப்பாடு சமைத்து வைத்திருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு.

நன்றி சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலுக்குப் போனோம். அந்த ஒரு ஞாயிறு பல வருடமாக நீண்டுவிட்டது. மகன் பிரான்சிஸுக்கு அங்கேதான் ஞானஸ்நானம். ஊருக்கு எழுதும்போது ஞானஸ்நானம் ஆயிற்று என்று எழுதினேன், எங்கே என்று எழுதவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் சபைப் புத்தகத்தில் நானும் சிசிலியும் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கு மார்த்தா கேக் செய்துகொண்டு வந்தார். பெரிதாக எதையும் விட்டுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அப்போது தோன்றவில்லை.

பிள்ளைகள் நம்மைப் போல யோசிப்பதில்லை. போன மாதம் ரோசலின் அலமாரியில் கிடந்த செபமாலையை எடுத்துவந்து, இது யாருடைய நெக்லஸ் என்று கேட்டாள். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அம்மா கொடுத்தது அது. ரோசலினுக்குப் பதினோரு வயது. அந்த வயதில் நான் அதன் ஐம்பத்து மூன்று மணிச் செபத்தையும் தூக்கத்தில் சொல்லுவேன். அது செபம் சொல்லுகிற மாலை என்று விளக்கினேன். அப்படியென்றால் நாம் ஏன் சொல்லுவதில்லை என்று கேட்டாள். ஹோம்வொர்க் முடித்தாயா என்று நான் கேட்டேன்.

3

சரி, மாறினால் மாறினேன், அதை ஊருக்குச் சொல்ல என்ன பயம் என்று இளவயதுக்காரர்கள் கேட்கலாம். அவர்களுக்காக அந்தோணியண்ணன் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தோணி என் அப்பாவோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர். நாசரேத்துக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அவர்களுடைய புரோட்டஸ்டாண்டு கோயிலுக்குப் போகத் தொடங்கினார். நாசரேத்தும் சாத்தான்குளமும் எங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அங்கேதான் போவோம். ஆனால் கோயில் வேறு. அங்கே போகிறவர்களை எங்கள் ஊரில் 'பதிதர்' என்பார்கள், வழி தவறியவர்கள் என்று பொருள். அந்தோணியண்ணனோடு யாரும் சண்டை போடவில்லை. கல்யாணத்துக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் இறந்தபோது ஊர்க்கோயிலில் துக்க மணி அடிக்க வேண்டாம் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் யார் செத்தாலும் மணி கேட்டுத்தான் கடலில் இருக்கிறவனுக்குத் தெரியும். வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வருவான். அன்றைக்கு மணி அடிக்காததால் யாரும் திரும்பவில்லை. நாலைந்து பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். என் அண்ணன் சவரிமுத்து அப்போதுதான் உபதேசியார் வேலைக்கு வந்திருந்தார். மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றார், தொடவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து, "மணியடிக்காம மண்ணுக்குப் போறதுக்கு அவன் கடல்லயே போயிருக்கலாம்" என்றாள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அந்த வாக்கியம் அமெரிக்கா வரை கூடவே வந்துவிட்டது.

ஒரு வருடத்துக்கு முன்னால் கார்த்திகையில் ஊரில் பெரும் புயல் அடித்தது. கோயில் நிற்கிறது, கடலோரத் தெருவில் வீடு ஒன்றும் இல்லை என்று அண்ணன் எழுதியிருந்தார். பன்னிரண்டு குடும்பம் பள்ளிக்கூடத்திலும் ஓலைக் கொட்டகையிலும் இருந்தன. இங்கே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேண்டுதல் சொல்லுகிற நேரம் ஒன்று உண்டு. யாருக்கோ மூட்டுவலி, யாருடைய நாயோ காணவில்லை என்றெல்லாம் சொல்லுவார்கள். நான் எழுந்து எங்கள் ஊர்த் தெருவைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அடுத்த மாதம் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, ஜெபம் பண்ணினால் மட்டும் போதாது, நாமே போய்க் கட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டார். என்னையும் சேர்த்து எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். அண்ணனுக்கு எழுதி ஊரின் சம்மதம் வாங்குவது என் பொறுப்பு.

பதிதர் சபை ஒன்று வருகிறது, அதில் நானும் ஒருவன் என்று எழுதினால் என்ன ஆகும்? கமிட்டி வேண்டாம் என்றுவிட்டால் பன்னிரண்டு குடும்பம் கொட்டகையிலேயே கிடக்கும். அம்மா எனக்காக இன்னொரு முறை வாசலில் உட்காருவாள். பேனாவை எடுத்து, 'எங்கள் பங்குச் சாமியார் தலைமையில் எட்டுப் பேர் வருகிறோம்' என்று எழுதினேன். வீடு கட்டிவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் ஆயுளில் பாதிக் காரியங்களை நான் இந்தப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதில்தான் தொலைத்திருக்கிறேன்.

4

இங்கே ஆயத்தங்கள் மும்முரமாக நடந்தன. இவர்கள் எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்ய மாட்டார்கள். குழுவின் மேஸ்திரி எர்ல் என்ற ஓய்வுபெற்ற தச்சர். முதல் சனிக்கிழமை கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் மரச்சட்டம் அடித்து ஒரு மணி நேரத்தில் ஒரு சுவரை நிறுத்திவிட்டுப் பெருமையோடு என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் கரையான் இதை ஒரு மழைக்காலத்தில் தின்று முடித்துவிடும் என்றேன். மனிதர் முகம் வாடிவிட்டது. அடுத்த சனிக்கிழமை செங்கல் வரவழைத்தார்.

செங்கல் வந்ததும் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். அந்த ஊரில் பிறந்தவனுக்கு அந்த ஊர் வீடு கட்டத் தெரியாமல் இருக்குமா? வாழ்க்கையில் ஒரு செங்கல்கூட வைத்திராத நான் கொத்துக் கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, கலவையைக் கொஞ்சம் இளக்கமாக வைக்க வேண்டும் என்று ஏதோ சொன்னேன். எர்ல் அதைக் குறித்துக்கொண்டார். பாவம், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுகிறவர். கடல் மணலில் கலவை போடக்கூடாது, உப்பு ஏறிச் சுவர் உதிரும் என்பது மட்டும் எனக்கு உண்மையாகவே தெரிந்த விஷயம். அதை இரண்டு முறை சொன்னேன்.

தூதரகப் பாரத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. குழுவில் ஏழு பேர் அதில் 'மிஷன்' என்று எழுதிவிட்டார்கள். பாரங்கள் அப்படியே திரும்பி வந்தன. மதம் பரப்பப் போகிறவர்களுக்கு வேறு பாரம், வேறு கேள்விகள், இந்தியாவிலிருந்து கடிதம். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எட்டு மணி நேரம் பஸ்ஸில் போய், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியிடம், இவர்கள் செங்கல் தூக்கப் போகிறார்கள், வேறொன்றுமில்லை என்று விளக்கினேன். அவர் தமிழர். அவர்கள் மதப் பிரசாரம் எதுவும் செய்ய மாட்டார்கள் என்று நான் பொறுப்பேற்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஊருக்குச் சாமியார் வருகிறார் என்று ஒரு தாள், இங்கே மத சம்பந்தமே இல்லை என்று ஒரு தாள், இரண்டிலும் ஒரே கையெழுத்து.

வியாழக்கிழமை மாலைகளில் தமிழ் வகுப்பு எடுத்தேன். தண்ணீர், செங்கல், மெதுவாக, போதும். இந்த நான்கில் 'போதும்' தான் உங்களுக்கு அதிகம் தேவைப்படும், இல்லாவிட்டால் சோறு போட்டே கொன்றுவிடுவார்கள் என்று சொன்னேன். சிரித்தார்கள். வகுப்பு முடிந்த பிறகு மார்த்தா நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். உங்கள் ஊர்க்காரர்கள் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள், அந்த வார்த்தையைக் கேட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும் என்றார்.

நாசரேத்தில் என்றால் 'ஐயரம்மா' என்பார்கள். அங்கே போதகர் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. எங்கள் ஊரில் சாமியாரின் மனைவி என்பதற்கு ஒரு வார்த்தையே கிடையாது, ஏனென்றால் அப்படி ஒரு ஆளே கிடையாது. யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். அவர் நோட்டில் அதற்காக ஒரு வரி காலியாக விட்டுக்கொண்டார். என் பிள்ளையை நான்கு நாள் மடியில் வைத்திருந்த பெண்மணி அவர்.

பூசை பற்றிய அண்ணனின் கடிதம் வந்தது இந்த நேரத்தில்தான். அதற்குப் பதில் எழுதுவதற்குள்ளேயே இன்னொன்று வந்தது. "பூசைக்குப் போடுத அங்கி புயல்ல நனைஞ்சு பூசணம் பூத்துப்போச்சு. பொம்பளைங்க எல்லாரும் சேந்து உங்க சாமிக்குப் புதுசு தைக்காக. பள்ளிக்கூடத்துல வச்சுத்தான் தையல். வெள்ளக்காரரு நெட்டையா இருப்பாருல்லா, அளவு எழுதி அனுப்பு."

வீடில்லாத பெண்கள் பள்ளிக்கூடத் தரையில் உட்கார்ந்து, இல்லாத சாமியாருக்கு அங்கி தைக்கிறார்கள். அந்த இடத்திலாவது நான் உண்மையை எழுதியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த ஞாயிறு பாஸ்டர் பக்கத்தில் நின்று, பேச்சுவாக்கில் அவர் உயரம் கேட்டு, ஆறடி இரண்டு அங்குலம் என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

5

சிசிலி மணப்பாட்டுக்காரி. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். அங்கி அளவை நான் எழுதி அனுப்பியது தெரிந்ததும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. அந்தத் துணியில ஊசி குத்துத ஒவ்வொருத்தியும் ஒரு செபம் சொல்லிட்டுத்தான் குத்துவா. எங்க ஊருலயும் அப்படித்தான். அந்தச் செபத்தோட எல்லாம் நீங்க வெளையாடுதீய. நாளைக்கே அந்த மனுசன்ட்டச் சொல்லிருங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

மறுநாள் வேலை முடிந்து நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் கராஜில் பழைய மண்வெட்டிகளுக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தார், ஊருக்குக் கொண்டுபோக. எங்கள் ஊரில் மண்வெட்டி கிடைக்கும் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த பெட்டி மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தோணியண்ணன், மணி, அம்மா, சாமியார் என்ற சொல், பூசை, அங்கி. அங்கிக்கு வந்தபோது அவர் தலை நிமிர்ந்து, அதற்குத்தான் உயரம் கேட்டாயா என்றார். ஆமாம் என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த பிடியைத் தட்டி இறுக்கி முடித்தார். கடைசியில், "எங்களோடு சேர்ந்ததில் உனக்கு வெட்கமா, டாம்?" என்று கேட்டார். இங்கே நான் டாம். வெட்கமில்லை, பயம் என்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஏழு வருடமாக எனக்கு எல்லாமாக இருந்த மனிதரை நான் அவமானப்படுத்திவிட்டேன் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது.

தன்னால் அந்தப் பீடத்தில் நிற்க முடியாது என்றார். அவர்கள் வேண்டாம் என்றால் பயணத்தை நிறுத்திவிடலாம். வரலாம் என்றால், போதகர்கள் அணிகிற கழுத்துப் பட்டை இல்லாமல், செங்கல் தூக்குகிறவனாக வருகிறேன், ஆனால் மார்த்தாவை மனைவி இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். யார் வீட்டைக் கட்டப் போகிறோமோ அவர்களிடம் பொய் சொல்லிக்கொண்டு ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். எழுது, இன்றைக்கே எழுது என்றார்.

அங்கேயே, அவர் கராஜ் மேசையில் வைத்து எழுதினேன். இவர் சாமியார் இல்லை, பாஸ்டர். மனைவி உண்டு. நானும் சிசிலியும் மூன்று வருடமாக அந்தச் சபைதான். பயந்து மறைத்தேன். வீடுகள் அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கு, என் குற்றத்துக்காக அவர்களைத் தண்டிக்க வேண்டாம். அம்மாவிடம் சொல்லுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இவ்வளவுதான். ஏழு வருடத்தில் நான் ஊருக்கு எழுதிய மிகச் சின்னக் கடிதம் அதுதான்.

எக்ஸ்பிரஸ் தபாலில் போட்டேன். தபால் நிலையத்துப் பெண், கிறிஸ்துமஸ் நெரிசல், எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது என்றாள். கிளம்ப இருபத்து மூன்று நாள் இருந்தது.

6

அந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பத்து மணிக்குத் தபால்காரர் வருவார். நான் வேலையில் இருப்பேன், பத்தரைக்குச் சிசிலிக்குப் போன் செய்வேன். இல்லை என்பாள். சோதனைச்சாலையில் ஒரே உப்பை இரண்டு முறை சோதித்து இரண்டு விடை எழுதினேன், மேலதிகாரி என்ன உடம்புக்கு என்று கேட்டார். காலரா ஊசி போட்ட கை வீங்கியது. எர்ல் இப்போது நேராகச் செங்கல் வைக்கப் பழகிவிட்டார், கோயிலின் பின்பக்கம் தேவையே இல்லாத ஒரு குட்டிச் சுவர் நிற்கிறது. கடைசி ஞாயிறு சபை எங்களை முன்னால் நிறுத்தித் தலையில் கை வைத்து ஜெபித்தது. யாருக்கும் எதுவும் தெரியாது, எனக்கும் சிசிலிக்கும் பாஸ்டருக்கும் மார்த்தாவுக்கும் மட்டும் தெரியும். மார்த்தா என் கையைப் பிடித்து, அந்த வரியை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன் என்றார்.

புதன்கிழமை, அதாவது நேற்று, பத்தேகாலுக்குச் சிசிலியே போன் செய்தாள். வந்திருக்கிறது, நான் பிரிக்கவில்லை, வாருங்கள் என்றாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். சிலுவை, சேசு மரி சூசை, பிறகு அண்ணனின் சாய்ந்த கையெழுத்து. முழுதாகவே தருகிறேன்.

"ஏலே தொம்மை, உன் காயிதம் கிடைச்சுது. சாமியார்ட்டயும் கமிட்டியிலயும் வாசிச்சுக் காட்டிட்டேன். ரெண்டு பேரு எந்திரிச்சுப் போனாக. மத்தவுக இருந்தாக. வீடு கட்ட வாரவங்கள வரவேண்டாம்னு சொல்லுதது நம்ம ஊருக்கு வழக்கமில்லன்னு சாமியார் சொல்லிட்டாரு. பூசைய அவரே வைக்காரு. தைச்ச அங்கிய அவருக்கே கொடுத்தாச்சு, நீளமா இருந்துச்சு, ஒரு முழம் மடிச்சு அடிச்சிருக்காக. பாஸ்டர் வீட்டம்மாவ என்னன்னு கூப்பிடணும்னு பொம்பளைங்க கேட்டாக. அக்கான்னு கூப்பிடுங்கன்னு சொல்லிட்டேன்.

"நீ அங்க மாறிப்போனது எனக்குப் புதுசில்ல. மூணு வருசமா உன் காயிதத்துல மேல ஒண்ணுமில்ல. சிலுவையுமில்ல, மூணு பேரும் இல்ல. மொதல்ல மறந்துட்டான்னு நெனச்சேன். பொறவு வெளங்கிட்டு. அம்மாவுக்கு வாசிக்கும்போது நானாத்தான் சேசு மரி சூசைன்னு சொல்லிட்டு ஆரம்பிப்பேன். அவளும் நெத்தியில சிலுவை போட்டுக்கிடுவா. அந்தோணியண்ணன் சாவுக்கு மணியடிக்காம நின்னவன் நான். அத நெனச்சா இப்பவும் எனக்குச் சோறு இறங்காது. அதான் உனக்கு இதச் செஞ்சேன்.

"ஆனா அம்மாட்ட இத நான் சொல்ல மாட்டேன். நீ வந்து சொல்லு. இனிமே என்னால இல்லாதத வாசிக்க ஏலாது."

கடிதத்தைச் சிசிலியிடம் கொடுத்துவிட்டு, ஊருக்கு எழுதி ஒட்டாமல் வைத்திருந்த பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அண்ணன் சொன்னது சரிதான். மேலே தேதிதான் இருந்தது. எப்போது விட்டேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சபைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட அந்த வாரம் கடிதம் எழுத உட்கார்ந்தபோது பேனா அந்த இடத்தில் நின்றது. எழுதினாலும் பொய்யாகப் படும் போலிருந்தது, தேதியிலிருந்து தொடங்கிவிட்டேன். இந்தச் சின்ன விஷயத்தை அங்கே யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மாதம் ஒரு கடிதம், மூன்று வருடம். முப்பத்தாறு தடவை என் அண்ணன், ஊருக்கே செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார், எனக்காக இல்லாத வரியை வாசித்திருக்கிறார்.

பன்னிரண்டு வீட்டுக்கு இனித் தடையில்லை. பாஸ்டரிடம் சொன்னேன், உடனே மண்வெட்டிகளைக் கட்டாகக் கட்டத் தொடங்கினார். மார்த்தா தன் நோட்டில் காலியாக இருந்த வரியில் 'அக்கா' என்று எழுதிக்கொண்டு, அதைச் சரியாக உச்சரிக்கும் வரை என்னை விடவில்லை. பாட்டியைப் பார்க்க என்னோடு வரும் ரோசலின் செபமாலையைத் தன் பெட்டியில் வைத்திருக்கிறாள், கொடுத்தவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன் என்கிறாள். எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் அம்மாவிடம் சொல்லுவது மிச்சம் இருக்கிறது.

நாளைக்கு விமானம். இனி நான் கடிதம் எழுதினாலும் எனக்குப் பின்னால்தான் போய்ச் சேரும். அம்மா வாசலுக்கு வருவாள், கண் தெரியாததால் முகத்தைத் தடவிப் பார்ப்பாள், நான் பேசியாக வேண்டும். முதல் வாக்கியத்துக்காக இரண்டு நாளாகத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன், வரவில்லை. அவளுக்கு என் கடிதம் எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கியிருக்கிறது. அதை அண்ணன் சொன்னார், நான் சொன்னதாக அவள் நம்பினாள். இந்த ஒரு தடவை அதை நானே என் வாயால் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லப் போகிறேன்: சேசு மரி சூசை. அம்மா நெற்றியில் சிலுவை போடுவாள். அந்தக் கை இறங்குவதற்குள் நான் தொடங்கிவிட வேண்டும்.